ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர்: நீர்ப் பயன்பாடும் வட்டாரப் பொருளாதார வளர்ச்சியும் (முக்கியக் குறிப்புகள்)

குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுகளில் "நீர்வளமும் பொருளாதாரமும்" என்ற தலைப்பு வந்தால், பலர் காவிரியையும் மேட்டூரையும் எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட ஓடாத ஒரு வட்டாரம் நூற்பாலை, பேண்டேஜ் துணி, பால்கோவா, மா, தென்னை என்று எப்படி வளர்ந்தது என்பதை எழுதினால் விடை தனித்து நிற்கும். அதற்கான குறிப்புகள் இவை. எண்களை மனப்பாடம் செய்வதோடு, அவற்றின் காரணங்களையும் சேர்த்துப் படியுங்கள்.

I. மையக் கருத்து

1. ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு நீர் கிடைக்கிறது, அதை எவ்வளவு காலம் தேக்கி வைக்க முடிகிறது, ஒரு கன மீட்டர் நீரிலிருந்து எவ்வளவு மதிப்பு உருவாகிறது.

2. ராஜபாளையம் வட்டாரம் முதலாவதில் ஏழை. மூன்றாவதில் தேறியதால் வளர்ந்தது. இனி அதன் எதிர்காலம் இரண்டாவதில், அதாவது மலையடிவாரத்து நீரைத் தேக்கிக் காப்பதில் இருக்கிறது. விடை முழுவதும் இந்த ஒரே வாதத்தைத் தாங்கி நிற்கட்டும்.

II. நிலமும் மழையும்

3. விருதுநகர் மாவட்டம் 1985 மார்ச் 15 அன்று ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அப்போது பெயர் காமராஜர் மாவட்டம். பரப்பு சுமார் 4,240 ச.கி.மீ. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 19.42 லட்சம்.

4. ராஜபாளையம் நகர மக்கள்தொகை (2011) சுமார் 1.30 லட்சம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 ஆயிரம். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்து ஊர்கள்.

5. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் கேரளப் பக்கத்திலேயே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. இங்கே கைகொடுப்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை. மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை சுமார் 800 மி.மீ.; மாநிலச் சராசரி 900 மி.மீ.க்குச் சற்று மேல்.

6. மலையை ஒட்டிச் செம்மண், வண்டல். கிழக்கே போகப் போகக் கரிசல். அடிவாரத்தில் மா, தென்னை, நெல், கரும்பு. கரிசலில் மானாவாரிப் பருத்தி, கம்பு, சோளம், பயறு வகைகள். பயிர் வரைபடமும் நீர் வரைபடமும் ஏறக்குறைய ஒன்றே.

III. ஆறு, அணை, கண்மாய்

7. வட்டாரம் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தது. அர்ஜுனா நதி, தேவியாறு, கயல்குடியாறு, நிட்சேப நதி, கௌசிகா நதி ஆகியன துணையாறுகள். வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

8. இவை காட்டாறுகள். மலையில் மழை கொட்டினால் சில நாள் இரு கரையும் தொட்டு ஓடும், பிறகு மணல்தான். ஆகவே இங்கே ஆற்றைவிடத் தேக்கமே முதன்மையானது.

9. பிளவக்கல் திட்டம்: வத்திராயிருப்பு அருகே பெரியாறு அணை (சுமார் 47 அடி), கோவிலாறு அணை (சுமார் 42 அடி). இவற்றை நம்பியே வத்திராயிருப்புப் பகுதியின் நெல் சாகுபடி நடக்கிறது. இந்தப் பெரியாறு அணை வேறு, 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை வேறு. தேர்வில் அடிக்கடி குழப்புவது இது.

10. மாவட்டத்தின் பிற தேக்கங்கள்: வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை, கோல்வார்பட்டி, இருக்கன்குடி.

11. கண்மாய் வேலை செய்யும் முறை: வரத்துக்கால் வழியே நீர் உள்ளே வரும், மடை வழியே வயலுக்குப் போகும், நிரம்பினால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இதுவே சங்கிலித் தொடர் கண்மாய். மேல் கண்மாயின் வரத்துக்கால் அடைபட்டால், கீழே உள்ள அத்தனை ஊர்களின் விளைச்சலும் கிணறும் சேர்ந்து படுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயை எடுத்துக்காட்டாக எழுதலாம்.

12. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு கொண்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு.

13. கண்மாயின் பொருளாதார மதிப்பை நெல்லோடு மட்டும் கணக்கிடக் கூடாது. நிலத்தடி நீர் ஊறுதல், கால்நடைத் தண்ணீர், மீன் குத்தகை, வண்டல் மண், நகரத்து வெள்ளத் தடுப்பு எல்லாம் சேர்ந்ததே அதன் மதிப்பு. பட்டா, பத்திரக் கணக்கில் இவை வராததால்தான் கண்மாய் நிலம் "சும்மா கிடக்கும் இடம்" போலப் பார்க்கப்படுகிறது. நம் ஊர்களில் நடக்கும் பெரிய பொருளாதாரப் பிழை இது.

IV. வேளாண்மை: நீர் அதிகம், வருமானம் குறைவு

14. பயிர்வாரி நீர்த் தேவை (தோராயம்): நெல் 1,200 மி.மீ.; கரும்பு 1,800–2,000 மி.மீ.; பருத்தி 500–700 மி.மீ. சிறுதானியங்களுக்கு இதைவிடக் குறைவு.

15. கணக்காகப் பாருங்கள். 1 ஏக்கர் = 4,047 ச.மீ. 1,200 மி.மீ. என்றால் ஏறத்தாழ 48.5 லட்சம் லிட்டர். நகரத்து நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலில், இது ஏறக்குறைய 100 பேருக்கு ஓராண்டுக்கான நீர்.

16. இந்தக் கணக்கை விவசாயிக்கு எதிராகத் திருப்பி எழுதாதீர்கள். நெல் வயலில் நிற்கும் நீரில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்கி, பக்கத்துக் கிணறுகளை நிரப்புகிறது. தண்ணீர் வாங்கும் பயிரை நட விவசாயியைத் தூண்டுவது கொள்முதல் விலையும் சந்தையும்தான். சிறுதானியத்துக்கும் பயறுக்கும் அதே உறுதி கிடைத்தால் பயிர் தானாக மாறும்.

17. ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. எஸ்.வி.பி.ஆர். வரிசைப் பருத்தி ரகங்கள் இங்கிருந்து வந்தவை. கரிசலுக்குப் பழக்கமான நாட்டுப் பருத்தி கருங்கண்ணி.

18. உலகச் சராசரியில் 1 கிலோ பருத்திக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர், 1 கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் தேவை என்பது நீர்த்தடக் கணக்கு. ஒரு கிலோ அரிசிக்குள் இருப்பது நகரவாசி ஒருவரின் 18 நாள் வீட்டுத் தண்ணீர்.

V. ராஜபாளையம்: பருத்தியிலிருந்து பேண்டேஜ் வரை

19. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பின்னாளில் ராம்கோ குழுமமாக வளர்ந்தது இதுவே. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவும் ராஜபாளையத்துக்காரர்.

20. ஆலை இங்கே வேரூன்றியதற்குக் காரணங்கள்: கரிசல் பருத்தி அருகில் கிடைத்தது, உள்ளூர் முதலீடு இருந்தது, மழை பொய்த்த ஆண்டுகளில் வேலை தேடும் கைகள் இருந்தன, மின்சாரமும் வந்தது. தாமிரபரணி நீரில் ஓடும் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. வேறொரு வடிநிலத்தின் நீர், மின்சாரமாக மாறித் தென்மாவட்டத் தொழிலுக்கு உதவியது என்று எழுதலாம்.

21. நூற்பு உலர்ந்த தொழில்தான். என்றாலும் நீர் தேவை. காற்றில் ஈரப்பதம் குறைந்தால் பஞ்சிழை மொடமொடப்பாகி நூல் அடிக்கடி அறும். அதனால் ஆலைக்குள் நீரைத் தெளித்து ஈரப்பதத்தை ஏறத்தாழ 55–65 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் ஏற ஏற, உள்ளே இந்தச் செலவும் ஏறும்.

22. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளின் விசைத்தறிகளில் பேண்டேஜ், காஸ் துணி நெய்யப்படுகிறது. தறியிலிருந்து இறங்கும் காடாத் துணியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பஞ்சின் இயற்கை மெழுகு நீரை உள்ளே விடாது. காரத்தில் வேகவைத்து, ப்ளீச்சிங் செய்து, திரும்பத் திரும்ப அலசிய பிறகு அதே துணி சில நொடிகளில் நீரை உறிஞ்சி மூழ்கும். காயத்தில் கட்டத் தகுதி அப்போதுதான் வருகிறது. துணியின் மதிப்பு உயர்வது இந்த அலசலில். நீர் செலவாவதும் கழிவுநீர் பிறப்பதும் அதே இடத்தில்.

23. ஒப்பீட்டுக்குத் திருப்பூர்: சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத முறைக்கு மாறிய பிறகே தொழில் நிமிர்ந்தது. நீரைக் கெடுத்து ஈட்டிய வளர்ச்சி நீராலேயே நிறுத்தப்பட்டது.

24. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் சுமார் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டது (2023). நாட்டில் 7 பூங்காக்கள்; தமிழ்நாட்டுக்கு இது ஒன்று. சாயமும் சலவையும் வரும் இடத்தில் சுத்திகரித்த நீரையே சுழற்றிப் பயன்படுத்தும் அமைப்பு முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும். திருப்பூர் கொடுத்த விலையை வறண்ட மாவட்டம் ஒன்று மறுபடி கொடுக்கத் தேவையில்லை.

VI. ஸ்ரீவில்லிபுத்தூர்: பால்கோவாவும் கோயில் பொருளாதாரமும்

25. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும் மட்டுமே சரக்கு. அகன்ற வாணலியில் கிளறிக் கிளறி, பாலில் உள்ள நீரை வற்றச் செய்வதே தொழில்நுட்பம்.

26. பால் சீக்கிரம் கெடும். குறைந்த விலைக்குப் போகும். பால்கோவாவாக மாறினால் பல நாள் தாங்கும், வெளியூர் போகும், நல்ல விலை கிடைக்கும். "மதிப்புக் கூட்டல்" என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உள்ளூர் எடுத்துக்காட்டு கிடைக்காது.

27. 1 லிட்டர் பாலுக்கு உலகச் சராசரியில் ஏறத்தாழ 1,000 லிட்டர் நீர்த்தடம். பெரும்பகுதி மாட்டுத் தீவனத்துக்குள் இருப்பது. மேய்ச்சலும் தட்டையும் மானாவாரி நிலத்திலிருந்து வந்தால் மழைநீரே போதும். இறவைத் தீவனமானால் கிணறு இறங்கும். பால்கோவாவின் நாளைய விலையும் தீவனத்தின் நீரோடு கட்டுண்டது.

28. ஆண்டாள் கோயிலும் திருமுக்குளமும் ஊரின் அடையாளம். திருவிழாக் கூட்டம் கடைக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை பலருக்கும் பிழைப்புத் தருகிறது. நீர்நிலை சுற்றுலாவின் மூலதனமும் ஆகும்.

VII. வறட்சியைத் தொழிலாக்கிய பக்கத்து ஊர்

29. சிவகாசி: வறண்ட வானிலை தீக்குச்சி, பட்டாசு உலர்வதற்கு ஏற்றதாக அமைந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923-இல்.

30. ஆனால் வறட்சியை வரம் என்று எழுதி முடிக்காதீர்கள். வேளாண் வருமானம் இல்லாத வீடுகளிலிருந்தே குறைந்த கூலிக்கு ஆள் வந்தார்கள். குழந்தைத் தொழில் பிரச்சினையின் வேர் அங்கே இருந்தது. தொழில் வளர்ந்த மாவட்டமாக இருந்தும், 2018-இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் ராமநாதபுரத்தோடு விருதுநகரும் இடம்பெற்றது. உற்பத்தி வளர்ச்சியும் மனித வளர்ச்சியும் தனித்தனியே அளக்க வேண்டியவை.

VIII. நிலத்தடி நீர்

31. உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் நாடு இந்தியா. உலக மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நாட்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் 85 சதவீதத்துக்கு மேல் பாசனத்துக்கே போகிறது.

32. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் வகைப்பாடு (ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் எடுக்கப்படும் பங்கு): 70% வரை பாதுகாப்பானது, 70–90% ஓரளவு அபாயம், 90–100% அபாயம், 100%க்கு மேல் அதிநுகர்வு. 2023 மதிப்பீட்டில் நாட்டின் சராசரி 59.26%. தமிழ்நாடு 70%க்கு மேல்.

33. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்குக் கட்டணமில்லா மின்சாரம். சிறு விவசாயியைக் காத்த திட்டம் இது. கூடவே, நிலத்தடி நீரை இறைக்கும் செலவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் உண்மை. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள்.

34. போர்வெல் ஆழம் கூடக் கூடச் செலவைத் தாங்குபவர் மட்டுமே தண்ணீர் எடுக்க முடியும். நீர்ப் பற்றாக்குறை மெல்ல நில ஏற்றத்தாழ்வாக மாறும் வழி இது.

IX. குடிநீரும் நகரமும்

35. ராஜபாளையத்தின் மரபான குடிநீர் ஆதாரம், அய்யனார் கோவில் சாலையில் அடிவாரத்தில் உள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கம். இப்போது தாமிரபரணி கூட்டுக் குடிநீரும் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு, பேயனாற்றுப் பகுதி முக்கிய நீர்ப்பிடிப்பு.

36. 1.30 லட்சம் பேருக்கு 135 லிட்டர் வீதம் நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 1.75 கோடி லிட்டர். இதில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பும். சுத்திகரித்தால் ஆலைக்குத் தரலாம். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் (தலா 45 எம்.எல்.டி.) 2019 முதல் தொழிற்சாலைகளுக்கு இப்படித் தருகின்றன.

37. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத தெருவில் பெண்களின் வேலை நேரமே குடத்தோடு கழிகிறது. தறிக்கூலி, தையல் கூலி இழப்பும் வட்டார வருமான இழப்பே.

X. காடே மேல்நிலைத் தொட்டி

38. ஸ்ரீவில்லிபுத்தூர் நரைத்த அணில் சரணாலயம் 1988-இல் அமைக்கப்பட்டது. பரப்பு சுமார் 485 ச.கி.மீ. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் 51-ஆவது, தமிழ்நாட்டின் 5-ஆவது. பரப்பு சுமார் 1,016 ச.கி.மீ.

39. சோலைக்காடு மழையை உறிஞ்சி மெதுவாக விடும். காடு அழிந்தால் அதே மழை ஒரே நாளில் வெள்ளமாக இறங்கி, மறுவாரம் ஓடை காயும். புலிகள் காப்பகம் வைகை, வைப்பாறு வடிநிலங்களின் நீர்க் காப்பகமும் ஆகும்.

XI. நிலுவையில் உள்ள நீர்க் கோரிக்கைகள்

40. பம்பா – அச்சன்கோவில் – வைப்பாறு இணைப்பு: தேசிய நீர்வள மேம்பாட்டு முகமையின் திட்டம். 634 மில்லியன் கன மீட்டர் (சுமார் 22 டி.எம்.சி.) நீரைக் கிழக்கே திருப்பி, சுமார் 91,400 ஹெக்டேருக்குப் பாசனம் தருவது நோக்கம். கேரளம் எதிர்க்கிறது, வேம்பநாட்டு ஏரியின் சூழலும் அதன் வாதத்தில் அடங்கும்.

41. சிவகிரி மலையில் உடைந்த செண்பகவல்லி தடுப்பணையைச் சீரமைத்தல், செண்பகத்தோப்பில் அழகர் அணை கட்டுதல் ஆகியவை விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கைகள்.

42. எழுத வேண்டிய நிலைப்பாடு: வெளியிலிருந்து வரும் நீருக்கான உரிமையைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அதுவரை நம் கண்மாயைத் தூர்த்துவிடக் கூடாது. நாளை அந்த நீர் வந்தாலும் தேக்குவதற்குக் கண்மாய்தான் வேண்டும்.

XII. கருத்தாக்கங்கள்

43. மறைநீர்: டோனி ஆலன் முன்வைத்தது, 2008-இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு பெற்றார். நீர்த்தடம்: ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா, 2002. பச்சை நீர் – மண்ணில் தங்கும் மழைநீர். நீல நீர் – ஆறு, ஏரி, நிலத்தடி நீர். சாம்பல் நீர் – மாசை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் நீர்.

44. ஃபால்கன்மார்க் அளவுகோல்: ஆண்டுக்குத் தலா 1,700 கன மீட்டருக்குக் கீழ் நீர் நெருக்கடி, 1,000-க்குக் கீழ் பற்றாக்குறை. இந்தியா: 1951-இல் 5,177, 2011-இல் 1,545. தமிழ்நாடு சுமார் 750.

45. வளர்ச்சியும் நீரும் சேர்ந்தே ஏற வேண்டியதில்லை. அமெரிக்காவின் மொத்த நீரெடுப்பு 1980-இல் உச்சம் தொட்டது. 2015-இல் அதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. பொருளாதாரமோ பெருகியது.

46. ஜெவான்ஸ் முரண் (1865): சிக்கனம் கூடினால் மொத்த நுகர்வும் கூடலாம். சொட்டுநீரில் மிச்சமான நீரில் கூடுதலாக ஓர் ஏக்கர் நட்டால் கிணற்றுக்கு லாபமில்லை. சொட்டுநீருக்கு மானியம் மட்டும் போதாது. மொத்த எடுப்புக்கு ஊர் கூடி வரம்பும் வைக்க வேண்டும்.

47. உலக வங்கி (2016): நீர்ப் பற்றாக்குறையால் சில பகுதிகளின் மொத்த உற்பத்தி 2050-க்குள் 6% வரை குறையலாம். நிதி ஆயோக் (2018): 60 கோடி இந்தியர் கடும் நீர் நெருக்கடியில் உள்ளனர். நிலையான வளர்ச்சி இலக்கு 6.4 நீர்ப் பயன்பாட்டுத் திறன் பற்றியது.

XIII. ஒருவரிக் குறிப்புகள்

48. மாநிலப் பட்டியல் 17 – நீர். மத்தியப் பட்டியல் 56 – மாநிலங்களிடை ஆறுகள். உறுப்பு 262 – நதிநீர்த் தகராறு.

49. குடிநீர் வடிகால் வாரியம் – 1971. நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் – 2007. குடிமராமத்து புத்துயிர் – 2017. ஜல் ஜீவன் – 2019 ஆகஸ்ட் 15, ஊரகத்தில் தலா 55 லிட்டர்.

50. அடல் பூஜல் திட்டம் 7 மாநிலங்களுக்கு. தமிழ்நாடு அதில் இல்லை. சொட்டுநீர் மானியம் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100%, மற்றவர்களுக்கு 75%.

51. 1 டி.எம்.சி. = 28.3 மில்லியன் கன மீட்டர் = சுமார் 2,831 கோடி லிட்டர்.

XIV. மாதிரி வினாவும் விடைச் சட்டகமும்

வினா: "நீர்வளம் குறைந்த வட்டாரங்களில் பொருளாதார வளர்ச்சி சாத்தியமா? தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுடன் ஆராய்க." (15 மதிப்பெண்)

- முன்னுரை: மழை மறைவு, வைப்பாறு வடிநிலம், தலா நீர் அளவு (குறிப்பு 5, 7, 44).
- சாத்தியமான விதம்: நூற்பு, பேண்டேஜ், பால்கோவா, சிவகாசி (19–22, 25–29).
- கொடுத்த விலை: கழிவுநீர், நிலத்தடி நீர்ச் சரிவு, மனித வளர்ச்சிக் குறியீடு (23, 30–34).
- தீர்வு: வரத்துக்கால் மீட்பு, சுத்திகரித்த நீர் ஆலைக்கு, பயிர் மாற்றத்துக்குக் கொள்முதல் உறுதி, காடு காப்பு (11, 16, 36, 39).
- முடிவுரை: குறைந்த நீரில் வளர முடியும் என்று ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் காட்டியிருக்கின்றன. நீர்நிலையை அழித்துக்கொண்டே வளர முடியாது என்று திருப்பூர் காட்டியிருக்கிறது. அடுத்த ஆலைக்கு உரிமம் தரும் அதிகாரி, அந்த ஊர்க் கண்மாயின் வரத்துக்காலையும் நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். இந்தத் தேர்வை எழுதும் உங்களில் ஒருவர் அந்த நாற்காலியில் அமரப் போகிறார். அன்றைக்கும் சேர்த்தே இன்று படியுங்கள்.